காலை 10 மணிக்கே அரங்கத்தைத் திறந்துவிடுங்கள்: சென்னை சபாச் செயலாளர்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய செயலாளர்களுக்கு,

வணக்கம். 6.45 மணிக்கு நீங்கள் திரைக்கு இந்தப் பக்கம் எட்டிப் பார்த்து, "என்னப்பா, ஆரம்பிக்கலாமா?" என்று கேட்கும்போது, "அஞ்சு நிமிஷம் சார்" என்று பதில் சொல்கிற ஆள் நான். அழைப்பிதழில் மேடை நிர்வாகம் என்று போடுவார்கள், போட்டால். மேடையில் சுவராக நிற்கும் தட்டியைத் தூக்குவதிலிருந்து கதாநாயகியின் கைப்பையைத் தேடிக் கொடுப்பது வரை எல்லாம் அந்த வேலைக்குள் அடக்கம். நடிகர்களுக்கும் இயக்குநர்களுக்கும் உங்களோடு பேச வாய்ப்பு நிறைய. எங்கள் பக்கத்திலிருந்து ஒரு கடிதமும் உங்களுக்கு வந்திருக்காது என்று நினைக்கிறேன். அதனால் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

நாடக விழாவின் நிறைவு நாளில் உங்களில் சிலர் ஒரு குறை சொல்வது வழக்கமாகிவிட்டது. எந்தக் குழு வந்தாலும் அதே நடுத்தர வீட்டு ஹால், நடுவில் சோபா, இடது பக்கம் வாசல், வலது பக்கம் சமையலறை, பின்சுவரில் ஒரு ஜன்னல், ஒரு காலண்டர். கதை மாறுகிறது, வீடு மாறுவதே இல்லை. நம் எழுத்தாளர்களுக்குக் கற்பனை வற்றிவிட்டது என்று முடிப்பீர்கள், கூட்டமும் கைதட்டும். திரைக்குப் பின்னால் கயிறு சுற்றிக்கொண்டே இதைக் கேட்கும்போதெல்லாம் எனக்குச் சிரிப்பு வரும். குறை உண்மைதான். ஆனால் அந்த சோபாவை மேடையில் கொண்டுவந்து போட்டது எழுத்தாளர் இல்லை, உங்கள் அரங்க முன்பதிவு நோட்டு.

எப்படி என்று சொல்கிறேன்.

7 மணிக்கு நாடகம் என்றால் பிற்பகல் 3 மணிக்கு அரங்கம் எங்கள் கைக்கு வரும் என்பது ஏற்பாடு. காலையில் அதே மேடையில் ஓர் உபன்யாசமோ, புத்தக வெளியீடோ, பள்ளி ஆண்டு விழாவோ இருக்கும். அது சொன்ன நேரத்துக்கு முடிந்ததாகச் சரித்திரம் இல்லை. எங்கள் டாடா ஏஸ், போக்குவரத்துக் காவலருக்கும் எதிர்வீட்டுக்காரருக்கும் பதில் சொல்லிக்கொண்டு தெருவில் நிற்கும். அந்த வண்டியின் தளம் 7 அடிக்குச் சற்று மேல், எங்கள் தட்டிகளோ 8 அடி. பின்கதவைத் தாண்டி நீட்டிக்கொண்டிருக்கும் முனையில் சிவப்புத் துணி கட்டித்தான் கொண்டுவருகிறோம். மூன்றரைக்கோ நாலுக்கோ கதவு திறக்கும். முந்தைய விழாக்காரர்கள் விட்டுப்போன பூ, தெர்மாகோல் எழுத்து, செலோ டேப் எல்லாவற்றையும் கூட்டித் தள்ளிய பிறகுதான் முதல் தட்டி உள்ளே வரும். குத்துவிளக்கு இருந்த இடத்தில் எண்ணெய் சிந்தியிருக்கிறதா என்று பார்க்கத் தனியாக ஓர் ஆள். அங்கே ஒரு நடிகர் வழுக்கி விழுந்தால் அன்றைய நாடகம் அவ்வளவுதான்.

தட்டி என்றால் என்ன என்று உங்களுக்குத் தெரியும். உங்கள் சபாவுக்குப் புதிதாக வந்திருக்கும் இளைஞர்களுக்காகச் சொல்கிறேன். ரீப்பர் கட்டையில் சட்டம் அடித்து, அதன்மேல் காடாத் துணியை விறைப்பாக இழுத்துக் கட்டி, வர்ணம் பூசினால் அது ஒரு தட்டி. 8 அடி உயரம், 4 அடி அகலம். ஏழெட்டுத் தட்டிகளை வரிசையாக நிறுத்திப் பிணைத்து, பின்னால் முட்டுக் கொடுத்தால் ரசிகருக்கு அது சுவர். முட்டு நகராமல் இருக்க மேடைப் பலகையில் ஆணி அடிக்க வேண்டும். இப்போது பல அரங்கங்களில் ஆணி அடிக்கக் கூடாது. பளபளவென்று தரை போட்டுவிட்டு அதில் ஆணி அடிக்கச் சொல்ல உங்களுக்கு மனசு வராது, அது நியாயம்தான். அதனால் மணல் மூட்டை. மணல் மூட்டை ஏறினால் வண்டியில் எடை கூடும், எடை கூடினால் ஏதாவது ஒன்று இறங்க வேண்டும். எங்கள் குழு நாடகம் ஒன்றில் அந்த வீட்டுக்கு இருந்த மாடிப்படி இப்படித்தான் போனது. மாடியில் குடியிருந்த பாத்திரத்தை எழுத்தாளர் பக்கத்துத் தெருவுக்குக் குடி மாற்றினார்.

தட்டிகள் நிமிர ஐந்து, ஐந்தேகால் ஆகிவிடும். அதுவரைக்கும் விளக்குக்காரர் மேலே ஏற முடியாது, ஏனென்றால் அவர் ஏணி போட வேண்டிய இடத்தில் நாங்கள் தட்டி கட்டிக்கொண்டிருக்கிறோம். அவர் ஏறிய பிறகு ஒலிக்காரர் மைக் தொங்கவிட அதே ஏணியைக் கேட்பார். சில அரங்கங்களில் ஏணி உண்டு, அதைப் பூட்டி வைத்த அறையின் சாவி வீட்டுக்குப் போய்விட்ட ஊழியரிடம் இருக்கும். ஐந்தரைக்கு நடிகர்கள் ஒவ்வொருவராக அலுவலகத்திலிருந்து வருவார்கள். ஆறு மணிக்கு ரசிகர்களில் முதல் பத்துப் பேர் உள்ளே வந்து உட்கார்ந்துவிடுவார்கள். மாதச் சந்தா கட்டிய மூத்தவர்கள், வெயிலில் வந்தவர்கள், ஏ.சி.யில் உட்கார வேண்டாம் என்று யார் சொல்வது? திரையை இழுத்துவிட்டு, அதற்குப் பின்னால் சத்தமில்லாமல் சுத்தியல் அடிக்கக் கற்றுக்கொண்டிருக்கிறோம்.

இதில் ஒத்திகை எங்கே என்று கேட்கிறீர்களா? ஒத்திகை யாரோ ஒருவர் வீட்டு மொட்டை மாடியிலோ, பள்ளி வகுப்பறையிலோ ஏற்கெனவே நடந்து முடிந்தது. அங்கே இரண்டு நாற்காலிகளுக்கு இடைவெளிதான் வாசல். அந்த வாசலுக்குக் கதவு உண்டு, அது உள்பக்கமாகத் திறக்கும், திறந்தால் சோபாவின் கைப்பிடியில் இடிக்கும் என்பதையெல்லாம் நடிகர் 7.10 மணிக்கு உங்கள் ரசிகர்கள் முன்னிலையில்தான் முதன்முதலாகத் தெரிந்துகொள்கிறார். விளக்கு அணையும்போது எந்தப் பக்கம் வெளியேறுவது, இருட்டில் எத்தனை எட்டு எடுத்து வைத்தால் மேடையின் பக்கவாட்டு மறைவிடமான சைட் விங் வரும் என்பதும் அப்படித்தான். நம் நடிகர்கள் இதையும் மீறி நன்றாக நடிக்கிறார்கள் என்பது எனக்கு இன்றைக்கும் ஆச்சரியம்.

இனி எழுத்தாளர் பக்கம் வாருங்கள். அவர் புதிய பிரதியோடு வந்து, இரண்டாவது காட்சி ரயில் நிலையம் என்கிறார். நான் கேட்கும் கேள்விகள் மூன்று: வண்டியில் இடம் இருக்கிறதா, இருட்டில் ஒரு நிமிஷத்துக்குள் வீட்டை எடுத்துவிட்டு நடைமேடையைப் போட முடியுமா, கழற்றியதை வைக்க சைட் விங்கில் இடம் உண்டா? பாதி அரங்கங்களில் சைட் விங் என்பது ஓர் ஆள் பக்கவாட்டில் திரும்பி நிற்கிற அளவு. அதனால் ரயில் நிலையம் போய், மாமா ரயில் ஏறிவிட்டதாக வீட்டுக்குத் தொலைபேசி வரும். தமிழ் நாடகத்தில் எத்தனை விபத்துகள், காதல் கல்யாணங்கள், வேலை நீக்கங்கள், சாவுகள் அந்த ஒரு தொலைபேசி வழியாகவே நடந்திருக்கின்றன என்று யாராவது ஆராய்ச்சி செய்யலாம். முன்பு கறுப்பு டெலிபோன், இப்போது செல்போன். எழுத்தாளருக்கும் இரண்டு மூன்று நாடகங்களில் பழகிவிடுகிறது. அப்புறம் அவரே ஒரு வீடு, ஒரு ஹால், ஒரு சோபா என்றுதான் யோசிக்க ஆரம்பிக்கிறார். நான்கு மணி நேரத்தில் நிமிர்த்தி, முக்கால் மணி நேரத்தில் கழற்றக்கூடிய கதைகள்தான் உங்கள் மேடைக்கு வருகின்றன.

முன்னாளில் அப்படி இல்லையே என்பீர்கள். நாடகக் கம்பெனி நடத்திய நவாப் ராஜமாணிக்கத்தின் மேடைப் பிரம்மாண்டத்தைப் பார்த்தவர்கள் சொல்லி நாமெல்லாம் கேட்டிருக்கிறோம். சங்கரதாஸ் சுவாமிகள் 1918-இல் மதுரையில் தத்துவ மீனலோசனி வித்துவ பால சபாவைத் தொடங்கினார். அதில் சிறுவர்களாகச் சேர்ந்து வளர்ந்த டி.கே.எஸ். சகோதரர்கள் 1925-இல் சொந்தக் குழு கண்டார்கள். இந்த பாய்ஸ் கம்பெனிகள் ஊர் ஊராகப் போனவைதான். ஆனால் ஓர் ஊருக்குப் போனால் வாரக்கணக்கில், மாதக்கணக்கில் முகாம் போடுவார்கள். கொட்டகை அவர்கள் கையில். காலையில் ஒத்திகை, மாலையில் நாடகம், இரவு படுக்கை எல்லாம் அங்கேயே. அரசவை வரைந்த தர்பார் திரையை ஒருமுறை மேலே ஏற்றிக் கட்டினால் முகாம் கலையும்வரை அது அங்கேதான் தொங்கும். பறக்கிற தேரும் பிளக்கிற மலையும் வேண்டும் என்றால், கயிறும் கப்பியும் இழுத்துப் பார்த்துப் பழக நாள்கள் இருந்தன.

கம்பெனிக்காரர்களை விடுங்கள். அலுவலகம் போய்வந்த கனவான்கள் நாடகம் போடும் வழக்கத்தைச் சென்னையில் வேரூன்ற வைத்தவர் பம்மல் சம்பந்த முதலியார். 1891-இல் அவர் தொடங்கிய சுகுண விலாச சபாதான் உங்களுக்கும் எங்களுக்கும் மூதாதை. அந்தச் சபா பல ஆண்டுகள் விக்டோரியா பப்ளிக் ஹாலையே தன் இருப்பிடமாக வைத்திருந்தது. பொழுதுபோக்காக நடித்தவர்களுக்கும் கால் ஊன்ற ஒரு மேடை இருந்தது. பிற்பாடு சபாக்கள் பெருகி, ஒரே நாடகம் இன்று ஒரு சபாவில், நாளை வேறொரு சபாவில் என்று ஓடத் தொடங்கியபோதுதான் அரங்க அமைப்பு வண்டிக்குள் அடங்க வேண்டியதாயிற்று. அந்தக் காலத்திலும் ஆர்.எஸ். மனோகர் தம் நேஷனல் தியேட்டர்ஸை வைத்துக்கொண்டு 'இலங்கேஸ்வரன்' போன்ற புராண நாடகங்களைத் தந்திரக் காட்சிகளோடு நடத்தினார். அது மனோகரின் பிடிவாதம். எல்லாக் குழுவுக்கும் ஒரு மனோகர் கிடைக்க மாட்டார்.

கல்கத்தாவில் நடந்த ஒன்றையும் சொல்ல வேண்டும். 1959-இல் உத்பல் தத்தின் லிட்டில் தியேட்டர் குரூப் அங்கே மினர்வா தியேட்டரைக் குத்தகைக்கு எடுத்தது. அதே ஆண்டு அவர்கள் 'அங்கார்' என்று நிலக்கரிச் சுரங்கத் தொழிலாளர்களைப் பற்றிய நாடகத்தைப் போட்டார்கள். முடிவில் சுரங்கத்துக்குள் வெள்ளம் புகுந்து, சிக்கிக்கொண்ட தொழிலாளர்களை மூழ்கடிக்கும். மேடையில் ஒரு சொட்டுத் தண்ணீர் கிடையாது. தபஸ் சென் என்ற விளக்கு அமைப்பாளர் வெறும் ஒளியாலேயே அந்த வெள்ளத்தைக் கொண்டுவந்தார், ஊரே அதைப் பார்க்கத் திரண்டது. அவருக்குப் பின்னாளில் சங்கீத நாடக அகாடமி விருதும் கிடைத்தது. தபஸ் சென் மேதை, சந்தேகமில்லை. ஆனால் அவருடைய குழுவின் கையில் ஒரு தியேட்டரின் சாவி இருந்தது என்பதையும் கொஞ்சம் யோசியுங்கள். ஐந்தேகாலுக்கு ஏணி கிடைத்து ஏழு மணிக்குத் திரை தூக்க வேண்டும் என்றிருந்தால் அந்த மேதையும் இரண்டு ஆம்பர் மஞ்சள் விளக்கு, ஒரு நீல விளக்கு போட்டுவிட்டுக் கீழே இறங்கியிருப்பார்.

எங்கள் விளக்குக்காரர்கள் செய்வது அதுதான். மின்சாரக் கணக்கையும் பாருங்கள். பல அரங்கங்களில் மேடைப் பக்கம் எங்களுக்குக் காட்டப்படுவது ஒன்றிரண்டு 15 ஆம்பியர் பிளக்குகள். 230 வோல்ட்டில் ஒரு பிளக்குக்கு ஏறக்குறைய 3,450 வாட், அதாவது 1000 வாட் ஹாலஜன் விளக்கு மூன்று. ஒரு நாடகத்தை ஓரளவு கௌரவமாகக் காட்ட அப்படிப்பட்ட விளக்கு ஒரு டஜனாவது வேண்டும். 12 கிலோவாட், 50 ஆம்பியருக்கு மேல். அது எந்த போர்டிலிருந்து வரும், ஃபேஸ் எங்கே, டிரிப் ஆனால் யார் போய்த் தூக்குவது? நாடகம் நடந்துகொண்டிருக்கும்போது மின்சாரம் போய், மெயின் போர்டு அறை பூட்டியிருந்த ஓர் அனுபவம் எங்களுக்கு உண்டு. அரங்கத்தின் பெயர் வேண்டாம். எல்.இ.டி. விளக்குகள் வந்த பிறகு இந்தச் சுமை வெகுவாகக் குறைந்திருக்கிறது, ஒரே விளக்கில் எல்லா நிறமும் கிடைக்கிறது. ஆனால் விலை மலிவான எல்.இ.டி.யை மெல்ல மெல்ல அணைக்க முயன்றால் கடைசியில் படிப்படியாகக் குதித்து அணையும். அந்தி மங்குகிற மாதிரி ஒரு காட்சிக்கு இன்னும் ஹாலஜனும் அதை மெல்ல ஏற்றி இறக்கும் டிம்மரும்தான் வேண்டியிருக்கிறது. எந்த விளக்கு எந்த வசனத்தில் ஏற வேண்டும், எதில் இறங்க வேண்டும் என்பதற்குத்தான் கியூ என்று பெயர். ஒவ்வொரு கியூவையும் மேடையிலேயே ஒருமுறை ஓட்டிப் பார்க்கச் சாதாரணக் குடும்ப நாடகத்துக்கே இரண்டு மணி நேரம் வேண்டும். அந்த இரண்டு மணி நேரம் எங்களுக்குக் கிடைத்ததே இல்லை.

மைக் விஷயம் இதைவிடப் பெரிய அநியாயம். மேலேயிருந்து தொங்கும் மைக்குகள், மேடை விளிம்பில் தரையோடு இருக்கும் மைக்குகள், அவ்வளவுதான் பல இடங்களில். தொங்கும் மைக்குக்குக் கீழே நின்றால் குரல் கேட்கும், இரண்டடி தள்ளினால் மின்விசிறிச் சத்தம் கேட்கும். அதனால் கணவன் மனைவி சண்டையாக இருந்தாலும், மரணப் படுக்கையாக இருந்தாலும் பாத்திரங்கள் அந்த மைக்கடிக்கு வந்து நின்றுதான் உணர்ச்சிவசப்பட வேண்டும். கட்டிலை எங்கே போடுவது என்பதை இயக்குநர் முடிவு செய்வதில்லை. எழும்பூர் மியூசியம் தியேட்டர் 1896-இல் கட்டப்பட்டது. அப்போது மைக்கே கிடையாது. வெறும் தொண்டையை நம்பிக் கட்டிய அரங்கம் அது. பின்னால் வந்த அரங்கங்கள் பலவற்றைக் கட்டியவர்களின் மனதில் கச்சேரியும் சொற்பொழிவும்தான் இருந்தன, நாடகம் இல்லை.

இங்கே ஒரு பழைய விஷயத்தை உங்களுக்கு நினைவுபடுத்த விரும்புகிறேன். சிலப்பதிகாரத்தில் மாதவி ஆடிய அரங்கின் அளவுகளை இளங்கோவடிகள் எழுதிவைத்திருக்கிறார். 7 கோல் அகலம், 8 கோல் நீளம், 1 கோல் உயரம். தரைப் பலகைக்கும் மேலே உத்தரப் பலகைக்கும் நடுவே 4 கோல். உள்ளே வர, வெளியே போக இரண்டு வாயில். திரைகள் மூன்று: ஒருமுக எழினி, பொருமுக எழினி, கரந்துவரல் எழினி. அந்தக் கோல் எவ்வளவு நீளம் என்பதற்கும் கணக்கு உண்டு, 24 விரல். எனக்கு மிகவும் பிடித்தது விளக்கைப் பற்றிய வரி: தூணின் நிழல் ஆடுமிடத்திலும் அவையிலும் விழாமல் விளக்கு வைத்தார்களாம், "தூண்நிழல் புறப்பட மாண்விளக் கெடுத்து" என்கிறார். இதை எழுதியவர் எங்கள் ஆள்களில் யாரையாவது அருகில் வைத்துக்கொண்டு கேட்டு எழுதியிருப்பார் என்று எனக்கு ஓர் எண்ணம். இன்றைக்கு உங்கள் அரங்கத்தின் மேடை எத்தனை அடி அகலம், எத்தனை அடி ஆழம், விளக்குக் கம்பி எந்த உயரத்தில் இருக்கிறது என்று தொலைபேசியில் கேட்டால், "வந்து பார்த்துக்கோங்க சார்" என்பதுதான் பதில். போய்ப் பார்ப்பதற்கும் காலி நாள் வேண்டும்.

ஒப்பனை அறையைப் பற்றி ரொம்பச் சொல்லப் போவதில்லை. பெண்களுக்குத் தனி அறை, தாழ்ப்பாள் போடக்கூடிய கதவு, தண்ணீர் வருகிற கழிப்பறை. இவை மூன்றும் சேர்ந்து இருக்கும் அரங்கம் கிடைத்தால் அன்றைக்கு எங்கள் குழுவில் எல்லோரும் நல்ல மனநிலையில் இருப்பார்கள். ஒப்பனைக்காரர் தாடியை ஒட்ட ஸ்பிரிட் கம் தடவுகிறார், அது காய நேரம் வேண்டும். ஒற்றை டியூப்லைட்டின் நீல வெளிச்சத்தில் அவர் பூசுகிற முகம், மேடையின் மஞ்சள் வெளிச்சத்தில் வேறு முகமாகத் தெரியும். கண்ணாடிக்கு இரண்டு பக்கமும் மஞ்சள் பல்பு போட்டுக் கொடுக்க ஆகும் செலவு, நீங்கள் தலைமை விருந்தினருக்குப் போடும் ஒரு பொன்னாடையைவிடக் குறைவு.

பொன்னாடை என்றதும் இன்னொன்று. தயவுசெய்து நாடகத்தின் நடுவில் மரியாதை செய்யாதீர்கள். அப்பா ஆஸ்பத்திரியில் உயிருக்குப் போராடுகிறார், விளக்கு அணைகிறது. அடுத்த காட்சியில் அவர் கண் விழிக்க வேண்டும். அதற்குள் விளக்கெல்லாம் பளிச்சென்று எரிய, ஆஸ்பத்திரிக் கட்டிலை ஓரமாகத் தள்ளி, ஐந்து நாற்காலி போட்டு, அந்த அப்பாவே எழுந்து வந்து சால்வை வாங்கிக்கொள்கிறார். விருந்தினர் அவசரமாகப் போக வேண்டும் என்று நீங்கள் சொல்வீர்கள். போகட்டும் சார், ஆரம்பத்திலேயே மரியாதை செய்து அனுப்பிவிடலாம். பேச்சு முடிந்து கட்டிலைப் பழைய இடத்தில் போட்டாலும் விளக்குக்கும் கட்டிலுக்கும் அரையடி விலகியிருக்கும். கண் விழித்த அப்பாவின் முகம் இருட்டில் இருக்கும், தலையணை பிரகாசமாகத் தெரியும். பின்சுவரின் உச்சியில் நீங்கள் தொங்கவிடும் சபா பேனரும் அப்படித்தான். 18-ஆம் நூற்றாண்டு அரண்மனையின் மேல் இந்த ஆண்டின் விளம்பரதாரர் பெயர். பேனரை வாசலில் கட்டினால் எல்லோரும் படிப்பார்கள்.

எல்லாப் பழியும் உங்கள் மேல்தான் என்று நான் சொல்ல வரவில்லை. எங்கள் குழுத் தலைவர்களும் லேசுப்பட்டவர்கள் இல்லை. அரங்கத்துக்கு இரண்டு மணி நேரம் அதிகம் கேளுங்கள் என்றால், "அடுத்த தடவை வாய்ப்புக் கொடுக்க மாட்டாங்கப்பா" என்று பயப்படுவார்கள். புதுத் தட்டிக்குச் செலவு செய்ய யோசிப்பார்கள், முழுப் பக்க விளம்பரத்துக்கு யோசிக்க மாட்டார்கள். சோபா வாடகைக்குச் சுலபமாகக் கிடைக்கிறது என்பதும் ஒரு காரணம். ஆனாலும் சபாக்கள் இல்லாவிட்டால் இந்த ஊரில் டிக்கெட் வாங்கி நாடகம் பார்க்கும் கூட்டத்தை நம்பி ஒரு குழுவும் பிழைத்திருக்க முடியாது. அதை நான் மறக்கவில்லை. உங்களை நம்பாமல் வேறு வழி தேடியவர்களும் உண்டு. 1977-இல் ந. முத்துசாமி தொடங்கிய கூத்துப்பட்டறை, முழுநேர நடிகர்களை வைத்துக்கொண்டு தங்கள் இடத்திலேயே நாள்தோறும் பயிற்சி செய்தது. அங்கே நடிகரின் உடம்பும் மேடையும் ஒன்றுக்கொன்று பழக்கமானவை. எங்களைப் போன்ற மாலை நேரக் குழுக்களுக்கு அது சாத்தியமில்லை, எங்களுக்கு நீங்கள்தான் கதி.

சரி, என்ன வேண்டும் என்கிறீர்களா? நாடக நாளன்று காலை 10 மணிக்கு அரங்கம் எங்களிடம் வர வேண்டும், அன்று காலையில் வேறு நிகழ்ச்சி கூடாது. இதுதான் கோரிக்கை, மற்றதெல்லாம் இதிலிருந்து தானாக வரும். மதியத்துக்குள் தட்டிகள் நின்றுவிடும். சாப்பாட்டுக்குப் பிறகு விளக்கு, மைக். நாலு மணிக்கு நடிகர்கள் மேடையில் நடந்து பார்ப்பார்கள், கதவைத் திறந்து மூடிப் பார்ப்பார்கள், கியூக்கள் ஓடும். உங்கள் ரசிகர்கள் ஆறு மணிக்கு உள்ளே வந்தாலும் திரைக்குப் பின்னால் சுத்தியல் சத்தம் இருக்காது.

காலை வாடகை போய்விடுமே என்பது உங்கள் கவலை, அது எனக்குப் புரிகிறது. சனி, ஞாயிறு காலைக்குக் கிராக்கி உண்டு. வார நாள் காலையில் எத்தனை அரங்கங்கள் பூட்டிக் கிடக்கின்றன என்று உங்கள் நோட்டையே பார்த்துவிட்டுச் சொல்லுங்கள். நாடகத்தை வெள்ளிக்கிழமைக்கு மாற்றினால் காலை சும்மா கிடைக்கும். அதைவிட நல்ல யோசனை ஒன்று இருக்கிறது. சொந்த அரங்கம் இல்லாத சபாக்கள் உங்களில் பல. நீங்கள் எப்படியும் இன்னொருவர் அரங்கத்தை வாடகைக்கு எடுத்துத்தான் மாத நாடகம் நடத்துகிறீர்கள். அப்படிப்பட்ட இரண்டு சபாக்கள் பேசி வைத்துக்கொண்டு, ஒரே நாடகத்தை ஒரே அரங்கத்தில் அடுத்தடுத்த நாள் மாலை வாங்கினால் என்ன? செட் இரவு அங்கேயே நிற்கும். வண்டிக் கூலி ஒரு தடவை, ஏற்றி இறக்கும் ஆள்கூலி ஒரு தடவை. இரண்டாம் நாள் காலை மேடைக்கு முன்னால் திரையை மூடிவிட்டு, அதற்கு வெளியே யாராவது சொற்பொழிவு நடத்தினாலும் எங்களுக்கு ஆட்சேபணை இல்லை. மிச்சமாகும் பணத்தில் அந்த ரயில் நிலையத்தைக் கட்டிவிடுவோம். மூன்று சபாக்கள் சேர்ந்தால் கோட்டையே கட்டலாம், ஆனால் மூன்று செயலாளர்கள் ஒத்துப்போவது பற்றி நான் எதுவும் சொல்லவில்லை.

அப்புறம், ஒரு தாள். மேடையின் அகலம், ஆழம், உயரம், சைட் விங் எவ்வளவு, லாரி நிற்கும் இடத்திலிருந்து மேடைக்கு வரும் கதவு எவ்வளவு அகலம், மின்சாரம் எத்தனை ஆம்பியர், எந்தச் சாவி யாரிடம். ஒரு பக்கத்தில் முடிந்துவிடும். உங்களிடம் அளக்க ஆள் இல்லையென்றால் டேப்போடு நானே வருகிறேன், கூலி வேண்டாம். அதை வாட்ஸ்அப்பில் எல்லாக் குழுக்களுக்கும் அனுப்பிவிட்டால், எழுத்தாளர் பிரதி எழுதும்போதே என்ன முடியும், என்ன முடியாது என்று தெரிந்துகொண்டு எழுதுவார். முடியாது என்று அவருக்கு இதுவரை தெரிவித்துக்கொண்டிருந்த வேலையை நான் சந்தோஷமாக விட்டுவிடுகிறேன்.

பெயர் போடுவதைப் பற்றியும் ஒரு வார்த்தை. அழைப்பிதழில் எங்கள் பெயர் இல்லையே என்று வருத்தப்படுகிறவன் நான் இல்லை. ஆனால் ஒப்பனைக்காரர், விளக்குக்காரர், செட் வாடகைக்குக் கொடுப்பவர் இவர்களுடைய பிள்ளைகள் யாரும் இந்தத் தொழிலுக்கு வருவதில்லை. ஏணியில் ஏறுகிற ஆள்கள் வருஷா வருஷம் குறைகிறார்கள், இருப்பவர்களுக்கு முட்டி வலி. சிறந்த நடிகர், சிறந்த இயக்குநர் என்று விருது கொடுக்கும்போது சிறந்த அரங்க அமைப்புக்கும் சிலர் கொடுக்கிறீர்கள், நன்றி. அதை வாங்க அரங்க அமைப்பாளரை மேடைக்கு அழைக்கும்போது மட்டும், நாடகம் முடிந்து அவர் தட்டி கழற்றிக்கொண்டிருக்கும் நேரமாகப் பார்த்து அழைக்காதீர்கள். ஒன்பதரைக்கு வாட்ச்மேன் மெயின் சுவிட்சில் கை வைத்துக்கொண்டு நிற்பார். விருதா, தட்டியா என்றால் அரங்க அமைப்பாளர் தட்டியைத்தான் எடுப்பார்.

கோடை நாடக விழாவுக்கு அட்டவணை போட உட்காரும்போது இந்தக் கடிதத்தை ஒருமுறை எடுத்துப் பாருங்கள். எல்லா நாடகத்துக்கும் வேண்டாம், முதலில் ஒரே ஒரு நாடகத்துக்கு இரண்டு நாள் கொடுத்துப் பாருங்கள். எந்தக் குழு, எந்த நாடகம் என்று நீங்களே தேர்ந்தெடுங்கள், எங்கள் குழுவாக இருக்க வேண்டும் என்றுகூட அவசியமில்லை. வேறு குழுவாக இருந்தாலும் தட்டி தூக்க நான் வருகிறேன். ஏணி மட்டும் 12 அடிக்குக் குறையாமல் பார்த்துக்கொள்ளுங்கள், அதன் சாவி வாட்ச்மேனிடம் இருக்கட்டும்.

அன்புடன்,
திரைக்குப் பின்னால் நிற்கும் ஒருவன்